மணிக்கட்டில் ஒரு வெள்ளை வட்டம்

புருவம் திருத்துவது பார்க்கத்தான் சின்ன வேலை. நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மீதியை இரண்டு கை விரல்களிலும் முறுக்கி, கட்டை விரலை நாள் முழுக்கத் திறந்து மூடுகிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நானும் செல்வியும் சேர்ந்து பியூட்டி பார்லர் நடத்துகிறோம். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. வாய் ஓட வேண்டும், கை அதைவிட வேகமாக ஓட வேண்டும். அந்தக் கைதான் என்னோடு சண்டைக்கு வந்தது. கை மரத்துப்போய் உதறிக்கொண்டே எழுந்திருக்கிற தையல்காரர்களே, கம்ப்யூட்டர் தட்டுகிறவர்களே, பரோட்டா மாஸ்டர்களே, நாமெல்லாம் ஒரே ஜாதி.

பாதி வேலை

முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. உதறினால் போய்விடும். வேலை அதிகம் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் காலேஜ் பெண் ஒருத்திக்கு இடது புருவத்தை முடித்து வலதுக்கு வந்தேன். கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் செத்துப்போயின. கையில் நூல் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்றுகூடத் தெரியவில்லை.

“ஒரு நிமிஷம்மா” என்று கையை உதறினேன். அந்த நிமிஷம் நீண்டுகொண்டே போனது. அவள் ஒரு கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தாள், அப்புறம் வாசலைப் பார்த்தாள். “அக்கா, பஸ் போயிரும். அந்தப் பக்கத்த நாளைக்கு வந்து எடுத்துக்கவா?”

வாய் மூடிய நேரம்

டாக்டர் சொன்னது இவ்வளவுதான். மணிக்கட்டில் ஒரு குறுகலான சந்து இருக்கிறது. அதில் நரம்பு நசுங்குகிறது. தூங்கும்போது பட்டை கட்ட வேண்டும், கைக்கு ஓய்வு தர வேண்டும். எனக்கு வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக நின்றன. “ஓய்வைத் தவிர வேறேதாவது சொல்லுங்க டாக்டர்” என்றேன். ஸ்டீராய்டு ஊசி போடலாம், ஆனால் சில மாதம்தான் தாங்கும் என்றார். எனக்கு இருக்கிற சர்க்கரை கொஞ்ச நாள் ஏறும், முதல் இரண்டு நாள் வலி கூடலாம், ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம், அபூர்வமாக நரம்பிலோ தசைநாரிலோ அடிபடலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். என் காதில் விழுந்தது ‘ஊசி போடலாம்’ மட்டும்தான்.

ஊசி உள்ளே போகும்போது விரலில் கரண்ட் அடித்த மாதிரி இருந்தால் உடனே சொல்ல வேண்டுமாம், நரம்பில் படக்கூடாதாம். அதுவரை அவர் மனைவிக்கு என்ன ஃபேஷியல் பொருந்தும் என்று வளவளத்துக்கொண்டிருந்த நான், ஊசியைப் பார்த்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் கையை நிறுத்தினார். “ஏதாவது பேசும்மா. நீ பேசாம இருந்தா எனக்குக் கை நடுங்குது.”

கட்டோடு போன கல்யாணம்

வலி கூடலாம் என்றாரே, கூடியது. ஊசி போட்ட மறுநாளே அரியலூரில் மணப்பெண் அலங்காரம். மணிக்கட்டில் பட்டை, இடது கையில் மேக்கப் பெட்டி, பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். பெண்ணின் அம்மா முதலில் கொடுத்தது ஜாங்கிரி. சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, வேண்டாம் என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அடுத்ததாக என் கையைப் பார்த்தார், இன்னும் விழுந்தது.

கண்மை மட்டும் கூட வந்த செல்வி தீட்டினாள், மீதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு நான் முடித்தேன். பெண் லட்சணமாக இருந்தாள். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. “மங்கள காரியத்துக்குக் கட்டோட வரலாமாங்க? வர்றதுதான் வர்றீங்க, அதுலயும் ரெண்டு கல்லு ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம்ல.”

எந்த க்ரீம்?

ஒரு வாரத்தில் கை பறந்தது. டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கொஞ்ச நாள் கழித்து, கும்பிட்ட அதே கையில் ஊசி குத்திய இடம் வெளுக்க ஆரம்பித்து ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வந்து நின்றது. பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். பழைய கஸ்டமர் ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து செல்வியின் நாற்காலிக்கு மாறிக்கொண்டார். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து என் மணிக்கட்டுக்கும் ஃபவுண்டேஷன் போட்டேன்.

அது வியர்வையில் கலைந்த ஒரு நாள், செட்டிகுளத்து அக்கா ஒருவர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “எந்த க்ரீம்?” என்றார். ஊசிக் கதையை முழுக்கச் சொன்னேன். தோல் கெட்டுப்போய் வெளுத்தது என்றேன். அவர் முகத்தில் பயமே இல்லை, கோபம்தான் இருந்தது. “இவ்ளோ வெள்ளையாக்குற ஊசிய நீங்க போட்டுக்கிட்டு, எனக்கு மட்டும் மூணு வருஷமா கடலை மாவா?”

இன்னொரு ஊசி

ஆடியில் எறும்பு திரும்பி வந்தது. ஆவணியில் செல்வியின் தங்கைக்குக் கல்யாணம். அலங்காரம் நான்தான் என்று நிச்சயதார்த்தத்திலேயே வாக்குக் கொடுத்திருந்தேன். இன்னொன்று போடுங்கள் என்று டாக்டரிடம் ஓடினேன். கண்ணை மூடச் சொல்லி, விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று குண்டூசியால் குத்திப் பார்க்கப்போவதாகச் சொன்னார். “குத்தும்போது சொல்றேன் டாக்டர், குத்துங்க” என்றேன். குத்தி முடித்தாயிற்று என்றார். கட்டை விரலின் அடிச்சதை மெலிந்துவிட்டதாம். மறுபடி ஊசி போட்டால் வலி அடங்கும், உள்ளே நரம்பு தொடர்ந்து சாகும், ஆபரேஷன்தான் வழி என்றார். அதற்கப்புறம் சில வாரம் நூலைத் தொடக்கூடாது.

பார்லருக்குத் திரும்பி, வேறு டாக்டரிடமாவது ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று குதித்தேன். இந்தக் கை போனால் நான் யார் என்று அழுதேன். செல்வி என் கையிலிருந்த நூலைப் பிடுங்கினாள். “என் தங்கச்சிக்கு நானே போட்டுக்கறேன்க்கா. நீங்க கட்டோட வந்து முன்னாடி உக்காந்து, நொட்டை நொள்ளை சொல்லுங்க, அது போதும்.”

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. இத்தனை வருஷம் எத்தனையோ முகங்களை வெள்ளையாக்குவதாகச் சொன்ன நான், நிஜமாகவே வெள்ளையாக்கிக் காட்டியது ஒரு ரூபாய் அகலம்தான், அதுவும் வேண்டாத இடத்தில்.