தபசு காலத்துப் பிரியாணி

சின்னாளபட்டிச் சேலை விற்கிற ராயப்பராஜைக் கண்டால் திண்டுக்கல்லில் எங்கள் கோயில்தெருவே நடுங்கும். அவரிடம் அதிகாரம் ஒன்றும் கிடையாது. மூக்கு இருந்தது. தபசு காலம் வந்துவிட்டால் இயேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள்வரை நாற்பது நாளும் கிறிஸ்தவர்களான எங்களுக்குக் கறி ஆகாது. எந்த வீட்டு அடுப்பில் வேகிறது என்று மோப்பம் பிடித்தபடி அவர் தெருத்தெருவாக அலைவார். பிடித்துவிட்டால் நேரே பங்குச்சாமியாரிடம் ஓடுவார். புண்ணியத்தை மொத்தக் கொள்முதல் செய்தவர் மாதிரி ஒரு நடை வேறு.

ஐம்பத்தேழாம் வருடத் தபசில் அந்த மூக்கு என் வீட்டுக்குள் நுழைந்தது. என் மனைவி அமலராணி பிள்ளை பெற்று அப்போதுதான் எழுந்து நடமாடினாள். உடம்பில் ரத்தமே இல்லை, ஆட்டெலும்புச் சாறு கொடு என்று மருத்துவச்சி சொன்னாள். கொடுத்தேன். மறுநாளே சாமியார் ஆள் அனுப்பினார். நோயாளிக்கு விலக்கு உண்டே என்று வாதாடிப் பார்த்தேன். ராயப்பராஜ் குறுக்கே விழுந்து, "இன்னைக்கு இவுகளை விட்டா நாளைக்கு ஊரே திங்கும் சாமி" என்றார். சாமியார் சொன்ன தண்டனைப்படி அமலராணி கைப்பிள்ளையோடு பூசை முடியும்வரை பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டாள். அன்றிலிருந்து அந்த ஆளின் முகத்தில் விழிக்கவே எனக்குப் பிடிக்காது.

அவருக்கோ பாஸ்குத் திருவிழாவுக்குத் தலைவராகிவிட வேண்டும் என்று வெறி. அந்தத் தபசிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் தலைவரின் பெயரை வாசிப்பதாக இருந்தது. அதற்கு முந்தின வியாழக்கிழமை, நாடக ரசிகர் சங்கத்தார் மதராஸிலிருந்து ஒரு சினிமா நடிகரை வரவழைத்து, மண்டபத்தில் விருந்தும் பிறகு மைதானத்தில் சொற்பொழிவும் வைத்தார்கள். சங்கத்தாருக்குத் தபசைப் பற்றி என்ன தெரியும்? சீரகச்சம்பா பிரியாணி போட்டார்கள். நடிகருக்குப் பக்கத்து இலையை ராயப்பராஜ் எப்படியோ பிடித்துவிட்டார். "மோர் மட்டும் குடிச்சுட்டு வாரேன்" என்று தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று அறிவித்துவிட்டு, தோளில் பட்டுத்துண்டோடு போனார்.

நாங்கள் வீட்டில்தான் இருந்தோம். மைதானத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்களில் ஒன்று எங்கள் கோயிலைப் பார்த்து இருந்தது. சாமியார் வீட்டுக்கும் கேட்கும். சொற்பொழிவாம் சொற்பொழிவு! கலை தாய், ரசிகர் தெய்வம், தான் பட்டினி கிடந்த கதை என்று நடிகர் வெகுநேரம் அளந்தார். அப்புறம் குரல் தழுதழுத்தது.

"அன்பு என்றால் என்ன? இதோ, முன்வரிசையில் இருக்கிற சேலைக்கடை ராயப்பராஜ் அவர்களைக் கேளுங்கள்! கிறிஸ்தவர்களுக்கு இது விரத காலமாம். கறியைத் தொட மாட்டேன் என்றார். என் கையால் ஒரு கவளம் ஊட்டினேன். எனக்காகச் சாப்பிட்டார்! அப்புறம் அவரே இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்!"

கைதட்டல் மைதானத்தில் எழுந்தது. எங்கள் தெருவில் கதவுகள் திறந்தன. அமலராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளை பெற்றபின் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"தலைவர் பதவி போச்சு, போங்க" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? யாரும் சொல்லாமலே பீடத்துக்கு முன்னால் போய் முழங்கால் போட்டார். மார்பில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு, "என் பாவமே, என் பாவமே" என்று கோயில் அதிர அழுதார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சினிமா நடிகராவது அரிதாரம் பூசிக்கொண்டு நடிக்கிறார். இவருக்கு அதுவும் தேவைப்படவில்லை.

சாமியார் பிரசங்கத்தை நிறுத்தினார். இப்படிச் செய்த பாவத்துக்கு மனஸ்தாபப்படுகிறவர்தான் திருவிழா நடத்தத் தகுந்தவர் என்று சொல்லி, ராயப்பராஜ் பெயரையே வாசித்தார். இரண்டு பேர் ஓடிப்போய் அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

பெண்கள் பக்கத்தில் அமலராணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"இம்புட்டுத்தானா? நான் அழுகாம முட்டி போட்டதுதான் தப்பாப் போச்சா?"

கோயில் முழுக்கக் கேட்டது. பதிலுக்கு அவள் நிற்கவில்லை. நானும் எழுந்து அவள் பின்னால் போனேன்.