சாந்தோமில் கறுக்காத திராட்சை

நடந்தவை, வரிசையாக:

1. அம்மா கல்யாணமாகி பெங்களூரிலிருந்து சாந்தோமுக்கு வந்தபோது, பிறந்த வீட்டுக் கொடியில் வெட்டிய ஒரு திராட்சைக் குச்சியும் கூட வந்தது.
2. குச்சி பந்தலேறிக் காய்த்தது. பழம் கறுக்கவில்லை.
3. ஒன்பது வயதில் நான் அதற்குக் காரணம் கண்டுபிடித்தேன்.
4. மாமாவுக்கு ஒரு வரி எழுதினேன்.
5. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் ஒயின் இல்லை.

மூன்றும் நான்கும் என் வேலை என்பதால் நானே விளக்கிவிடுகிறேன்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் அம்மாவின் அண்ணன் இரண்டு கூடை கறுப்புத் திராட்சையோடு ரயிலில் வருவார். அம்மா அதைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, கையால் பிசைந்து, சர்க்கரையும் கிராம்பும் ஒரு பிடி கோதுமையும் சேர்த்து ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டுவாள். நாற்பது நாள் மரக்கரண்டியால் கிளறுவாள். கிறிஸ்துமஸ் காலையில் வருகிறவர்கள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "பெங்களூர்க்காரி கையே கை" என்பார்கள். எங்கள் தெருவில் அம்மாவின் ஊருக்கு மரியாதை கிடைத்தது வருஷத்தில் அந்த ஒரு காலைதான்.

அதையே தன் பந்தல் பழத்தில் செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பந்தல் இடம் கொடுக்கவில்லை. ஒரே குலையில் நாலு பழம் கறுப்பு, பத்து வெளிர்சிவப்பு, மிச்சம் பச்சை. வாயில் போட்டால் சப்பென்று இருக்கும்.

"உங்க ஊர்க் கொடி எங்க வெயிலப் பாத்து பயந்துடுச்சு" என்பார் அப்பா.

"நீங்க பயப்படலியே, அதுவே போதும்" என்பாள் அம்மா.

குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள்தான் எனக்கு வழி காட்டினாள். கூடையை இறக்கிவிட்டுப் பந்தலை அண்ணாந்து பார்த்தாள். "இன்னாம்மா, இன்னும் இப்படியே நின்னுகினு கீது? இங்க கீறது கடல் மணலு. உங்கூரு செம்மண்ணு இதுக்கு எங்க கெடைக்கும்?"

நான் சிலேட்டில் பட்டியல் போட்டேன். குச்சி: ஒன்றே. தண்ணீர்: இரண்டு இடத்திலும் கிணறு. வெயில்: இரண்டு இடத்திலும் உண்டு. எரு: இரண்டு இடத்திலும் சாணம். மண்: வேறு. ஆகவே மண்.

அம்மாவுக்குப் படிக்க வரும், எழுத வராது. மாமாவுக்குப் போகும் கடிதங்களை அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். அந்த ஜூலைக் கடிதத்தின் கடைசியில் நானாகவே ஒரு வரி சேர்த்தேன்: "நம் வீட்டு மண் ஒரு மூட்டை கொண்டுவரவும். திராட்சையைவிட அதுதான் எனக்கு முக்கியம்." ஒட்டித் தபாலில் போட்டுவிட்டேன்.

மாமா ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டார். தோளில் ஒரு கோணிமூட்டை. கூடை இல்லை. பழம் பழுக்கக்கூட அவர் காத்திருக்கவில்லை. மூட்டையை இறக்கியவர் அப்பாவிடம் நேராகக் கேட்டார்: "மாப்பிள்ளை, என் தங்கச்சிக்கு இங்க என்ன குறை?"

அப்பா பத்திரிகையை மடித்தார். "குறையா? அந்தக் கொடியைத் தவிர அவ யாரையும் திட்டி நான் கேட்டதில்லையே!"

மாமா கடிதத்தை எடுத்து நீட்டினார். அம்மா கடைசி வரிவரை படித்தாள். என்னைப் பார்த்தாள். நான் கதவுப் பக்கம் ஓர் அடி நகர்ந்தேன்.

"நான்தான் எழுதச் சொன்னேன்" என்றாள்.

என்னை அடியிலிருந்து காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடி விழவில்லை, ஆகவே என் முடிவு சரியென்றும் வைத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு மறுபடி வர லீவு இல்லை. கடைத்திராட்சை வாங்கித் தருகிறேன் என்று அப்பா சொன்னதற்கு அம்மா ஒப்பவில்லை. "எங்க வெளைஞ்சதோ, யாருக்குத் தெரியும்?" கிறிஸ்துமஸ் காலையில் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள்.

மண்ணில் பாதியைக் கொடியடியில் கொட்டினாள். மீதியை ஒரு தொட்டியில் நிரப்பி அடுப்பங்கரை ஜன்னலில் வைத்தாள். தினமும் காலையில் அதில் ஒரு கை தண்ணீர் தெளித்து, ஈர மண்ணின் வாசனை எழ, சற்று நேரம் அங்கேயே நிற்பாள்.

"இதுல என்னம்மா நடப் போற?"

"ஒண்ணும் இல்ல. நீ போய் வாய்ப்பாடு சொல்லு."

பிறகு நான் தாவரவியல் படித்தேன். என் பட்டியலில் இரவு இல்லை. பெங்களூரில் இரவு குளிரும். பழம் கறுப்பதும் அதன் புளிப்பு தங்குவதும் பெரும்பாலும் அந்தக் குளிரால்தான். சாந்தோமில் இரவும் புழுங்கும். ஒன்பது வயதில் நான் இரவெல்லாம் தூங்கிவிடுவேன், அதனால் அது கணக்கில் வரவில்லை. தொட்டிக்குத் தண்ணீர் எதற்கு என்பதும் அப்போது எனக்கு விளங்கவில்லை. அதற்கு நான் படித்த பாடத்தில் விடை இல்லை.

இன்றைய நிலவரம்: கொடி இருக்கிறது. இந்த ஆகஸ்டிலும் குலைக்கு நாலு பழம்தான் கறுப்பு. மாமா இரண்டு கூடை கொண்டுவந்தார்; அம்மா ஜாடியைக் கட்டிவிட்டாள். தொட்டி ஜன்னலிலேயே இருக்கிறது. அதில் எதுவும் நடவில்லை. காலையில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது.