கணக்கில் சேர்ந்த வண்டி

போர்ச்சுகலின் கிழக்கு மலையூர் ஒன்றில் அடெலினு தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர். ஊருக்கு இருப்பது அந்த ஒரே வண்டிதான். சுற்றிலும் யூகலிப்டஸ் காடு. ஆகஸ்டில் காட்டுத்தீயைக் கிளப்பும் வறண்ட கீழ்க்காற்று வந்துவிட்டால் மனிதர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படுப்பார்.

நாடு சேர்ந்திருந்த ராணுவக் கூட்டணியில் ஒவ்வொரு நாடும் பாதுகாப்புக்கு இவ்வளவு செலவழித்தே தீரவேண்டும் என்று முடிவானது. கஜானாவில் அவ்வளவு ஏது? தலைநகரத்து மேதாவிகள் மலையூர்த் தீயணைப்பு வண்டிகளையெல்லாம் ராணுவக் கணக்கில் எழுதிவிட்டார்கள். ஒரு துப்பாக்கிகூட வாங்காமல் இலக்கை எட்டியாயிற்று. அடெலினுவின் வண்டிக் கதவில் பச்சைப் பட்டை ஏறியது.

"இனிமே சல்யூட் அடிச்சுத்தான் உனக்கு சூப் ஊத்தணுமா?" என்றாள் மனைவி சுல்மீரா.

"சிரிக்காதே. நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா கூட்டணிக்காரங்கதானே வரணும்? நம்ம பங்கைக் கொடுக்கத்தான் வேணும்."

"கொடுக்கட்டும். அதுக்கு நம்ம வண்டிதான் கெடச்சுதா?"

"வண்டி எங்க போகப்போவுது? எல்லாம் காகிதத்துல."

அதை அவர் மனசார நம்பினார், பாவம்.

ஆகஸ்டில் உத்தரவு வந்தது. கூட்டணிக்காரர்கள் கணக்கைச் சரிபார்க்க வருகிறார்கள். வண்டிகள் தலைநகர முகாமில் நிற்கவேண்டும். அன்று பார்த்துக் கீழ்க்காற்று. அடெலினு தவணை கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. மதியம் முகாமில் வரிசையில் நின்றிருந்தபோது சுல்மீரா போன் செய்தாள்.

"மலைக்குப் பின்னால புகை தெரியுதுய்யா. நான் ஆட்டுக் கொட்டாயை நனைச்சுக்கிட்டிருக்கேன்."

"ஆட்டை விட்டுட்டு ஆத்துப் பக்கம் இறங்கு."

"சினை ஆடுய்யா, எப்படி விட்டுட்டுப் போறது? நீ எப்ப வருவே?"

வண்டியைக் கிளப்பினார். அதிகாரி ஒருவர் குறுக்கே வந்தார்.

"எங்க போறீங்க? உங்க வண்டியை இன்னும் எண்ணலியே."

"எங்க ஊர்ப்பக்கம் தீப்பிடிச்சிருக்கு ஐயா."

"புரியுதுங்க. ஆனா இப்ப போனா இந்த வண்டி கணக்குல வராது. குறைஞ்சா நாடே பதில் சொல்லணும். பத்து நிமிஷம் பொறுத்துக்குங்க."

அடெலினு பொறுத்தார். நாட்டின் பங்கு என்றதும் அவருக்குக் கால் எழவில்லை. இதைச் சொல்லும் எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான். பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாக இழுத்தது. சரிபார்க்க வந்த கூட்டணிக்காரர்கள் கதவைத் தட்டிப் பார்த்து, "நல்லா வச்சிருக்கீங்க" என்று கைகுலுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்கள்.

முகாமுக்கு வெளியே வந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். ஊர் இன்னும் வெகுதூரம் இருந்தபோதே வானம் பழுப்பாகிவிட்டது. சுல்மீராவை அழைத்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. கண்ணாடியில் சாம்பல் விழத் தொடங்கியது. வைப்பரைப் போட்டுவிட்டு மறுபடி அழைத்தார்.