மூன்றாம் நாள் மெயில்

குழாய் செய்யும் அந்தக் கம்பெனியில், எச்.ஆர். பிரிவின் உதவியாளரை மூன்று மாடியிலும் 'அலாரம் அக்கா' என்றுதான் சொல்வார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மேலாளரும் தன் ஆட்களின் வேலையை மதிப்பிட்டு அப்ரைசல் எழுத வேண்டும். எழுத வைப்பது அக்காவின் பாடு. போனில் கேட்டால் சாக்குப்போக்கு சொல்வார்கள். அதனால் தண்ணீர்க் குவளையோடு கிளம்பி, அவரவர் மேஜைச் செடிக்கு ஊற்றிக்கொண்டே நிற்பாள். "எழுதிடறேன்க்கா, செடியை அழுக வச்சுடாதீங்க" என்று கெஞ்சும்வரை நகர மாட்டாள். ஸ்டோர்ஸ் தலைவர் இவள் செருப்புச் சத்தம் கேட்டாலே கழிவறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். இவளும் வாசலில் காத்திருப்பாள். மனுஷன் எத்தனை நேரம்தான் உள்ளே இருக்க முடியும்?

இப்படி ஊரையே எழுத வைத்தவளைப் பற்றி ஒன்பது வருடமாக யாரும் ஒரு வரி எழுதவில்லை. எழுத வேண்டியவர் எச்.ஆர். தலைவர். தங்கமான மனிதர், ஆனால் மறதி மன்னர். அப்ரைசல் இல்லாவிட்டால் பதவி உயர்வும் இல்லை, உதவியாளராகவே இருந்துவிட்டாள். அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்பது அவளுக்குத் தெரியாததா? 'எனக்கு எழுதுங்க சார்' என்று கேட்க மட்டும் நாக்கு எழவில்லை. சும்மா போய் நிற்கலாம் என்றால் அவர் மேஜையில் செடியும் கிடையாது.

இந்த வருடம் தலைவரே கூப்பிட்டார்.

"இனிமே நீங்க மாடி ஏறி இறங்க வேண்டாம்மா. தானா மெயில் போற மாதிரி செஞ்சிடுங்க. தினம் காலையில ஒம்பது மணிக்கு ஒண்ணு. மூணாவது நாளும் எழுதலைன்னா எம்.டி.க்கும் ஒரு காப்பி. பயம் இருந்தாத்தான் எழுதுவாங்க!"

சொல்லிவிட்டு அவரே ரசித்துச் சிரித்தார்.

ஊழியர் பெயர், பக்கத்திலேயே எழுத வேண்டியவர் பெயர் என்று நூற்று அறுபத்து மூன்று வரிகள் அடித்தாள். நூற்று அறுபத்து நான்காவது வரியில் தன் பெயரை அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள், மறுபடி அழித்தாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"நீயா கேக்கப்போறே? மிஷின்தானே கேக்குது! அதுக்கென்ன வெக்கமா, மானமா?"

மறுநாள் அந்த வரி ஏறியது.

முதல் மெயில் போனதுமே தலைவர் வந்துவிட்டார். "உங்க பேர்ல எனக்கு ஒண்ணு வந்திருக்கேம்மா. தப்பா வந்துடுச்சோ?"

'ஆமாம் சார்' என்று சொல்லிவிட வாய் துடித்தது. ஒன்பது வருடப் பழக்கம், அவ்வளவு லேசில் விடுமா? "இல்ல சார், சரியாத்தான் வந்திருக்கு" என்றாள்.

அன்று அவர் எழுதவில்லை. இரண்டாம் நாளும் எழுதவில்லை. மூன்றாம் நாள் எட்டரை மணிக்கே அவள் மேஜைக்கு ஓடிவந்தார்.

"எம்.டி.க்குப் போற மெயிலை நிறுத்த முடியுமாம்மா?"

நிறுத்தும் பொத்தான் அவள் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முடியும் சார். எழுதி முடிச்சீங்கன்னா அதுவா நின்னுடும்."

எட்டு ஐம்பத்தெட்டுக்கு, எழுதி முடித்ததற்கு அடையாளமாக, திரையில் அவள் பெயர் பச்சையானது. திறந்து படித்தாள். 'ஒன்பது வருடமாக இவருக்கு எழுதவில்லை. எனக்கு நினைவுபடுத்துவதும் இவர் வேலைதானே என்று இருந்துவிட்டேன். தவறு என்னுடையது. பதவி உயர்வுக்குப் பரிந்துரைக்கிறேன்.' அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முகம் கழுவப் போனால், கழிவறை வாசலில் அவளைப் பார்த்த ஸ்டோர்ஸ் தலைவர் பதறி, "எழுதிட்டேன்க்கா, எழுதிட்டேன்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை எச்.ஆர். தலைவரின் மேஜையில் ஒரு சின்னச் செடி இருந்தது.

"இது எதுக்கும்மா?"

"மெயில் என்னிக்காவது மக்கர் பண்ணிச்சுன்னா, நான் வந்து நிக்க வேணாமா சார்?"