ஜாஸ்மின் போட்ட பூட்டு

ஆம்பூர் ஷூ ஃபேக்டரி ஒன்றில், பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டத்தான் ஜாஸ்மினை வேலைக்கு எடுத்தார்கள். அந்த ஸ்டிக்கரை அடிக்கும் புரோகிராமையே அவள் எழுதிவிடுவாள் என்று யார் கண்டார்கள்? பி.சி.ஏ. படித்துவிட்டு தேவலாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வருகிறவள். கை சும்மா இருக்குமா? பெட்டிக்கு ஒரு நம்பர், அடுத்த பெட்டிக்கு அடுத்த நம்பர். ஆறு மாதம் அமர்க்களமாக ஓடியது.

கெடுத்தது ஆட்களின் அவசரம். கம்ப்யூட்டரோ கிழடு. திறக்கக் கொஞ்சம் தாமதமானால் போதும், மவுஸைத் தட்டு தட்டென்று தட்டுவார்கள். புரோகிராம் இரண்டாகத் திறந்துகொள்ளும். இரண்டும் கடைசி நம்பரைப் பார்த்து, ஒரே எண்ணிலிருந்து அடிக்கத் தொடங்கும். போன மாதம் நாற்பது பெட்டிகள் இரட்டை நம்பரோடு ஜெர்மனிவரை போய், அங்கிருந்து வசவு வந்தது.

"இந்த வெள்ளிக்கிழமை லோடு சுத்தமா போகலைன்னா, உன் புரோகிராம தூக்கிட்டு வெளிய ஆர்டர் குடுத்துடுவாங்கம்மா" என்றார் டிஸ்பாட்ச் பொறுப்பாளர் ஜியாவுல்லா. பெற்ற பிள்ளையை வீட்டைவிட்டு விரட்டச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒரு பூட்டுப் போட்டாள். புரோகிராம் திறந்ததும் 'நான் ஓடுகிறேன்' என்று ஒரு சின்ன ஃபைலை எழுதிவைக்கும், மூடும்போது அழித்துவிடும். ஃபைல் இருக்கும்வரை இன்னொன்று திறக்காது. வெள்ளிக்கிழமை காலை முழுக்க ஒரு நம்பர்கூட இரட்டிக்கவில்லை. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜும்மா நேரம் வந்தது. வழக்கம்போல மெயினை அணைத்துவிட்டு எல்லோரும் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் கிளம்பினார்கள். கம்ப்யூட்டரை முறையாக மூட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால், 'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்று சாதித்தது புரோகிராம். வாசலில் கண்டெய்னர் லாரி நிற்கிறது.

"எங்கம்மா ஓடுது? ஒண்ணும் காணோமே! இன்னா பேஜாரு இது?" என்று பதறினார் ஜியாவுல்லா பாய்.

ஜாஸ்மினுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரோகிராம் கரண்டோடு செத்துப்போயிற்று. அது எழுதிவைத்த ஃபைல் மட்டும் சாகவில்லை! அழித்தால் இப்போது திறக்கும். நாளைக்கு ஆட்களே அழிக்கக் கற்றுக்கொண்டால் பழைய குருடி கதவைத் திறடி.

"பத்து நிமிஷம் குடுங்க பாய்!"

பூட்டைப் பிடிக்கும் பொறுப்பை விண்டோஸிடமே ஒப்படைத்தாள். இனி புரோகிராம் எப்படிச் செத்தாலும் அந்த நொடியே பூட்டும் போய்விடும். விரல்கள் பறந்தன. முடித்ததும் அவளே பிளக்கைப் பிடுங்கினாள். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடி செருகினாள். முரண்டு பிடிக்காமல் திறந்தது! பாயே மவுஸைப் பத்துத் தடவை தட்டிப் பார்த்தார். திறந்திருந்த ஒன்றேதான் முன்னால் வந்து நின்றது.

மாலை ஐந்துக்குக் கடைசிப் பெட்டியும் ஸ்கேன் ஆனது. அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள், ஒன்றுகூட இரட்டை இல்லை. பாய் மேனேஜருக்குப் போன் போட்டார்.

"வெளியாள் வேணாம் சார். நம்ம புரோகிராமர் இங்கயே இருக்குது."

அந்த ஃபேக்டரியில் அவளை அப்படி யாரும் அதுவரை சொன்னதில்லை. ஜாஸ்மின் துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.