உப்பளத்து ரோட்டில் இரண்டு கும்பல்

என் கணவர் வேலை பார்த்த இரும்புப் பட்டறையை மூடிவிட்டார்கள். யுத்தம் நடந்தபோது ராப்பகலாக ஓடிய பட்டறை அது. யுத்தம் முடிந்தபின் சில வருஷம் இழுத்துப் பறித்துக்கொண்டு கிடந்தது. ஒரு நாள் காலையில் அவர் போய்ப் பார்த்தபோது கதவில் பூட்டுத் தொங்கியது. சீக்கிரம் திறந்துவிடுவோம் என்று முதலாளி வீட்டில் சொல்லியனுப்பினார்கள். அவர் அதை நம்பி டீக்கடை வாசலில் உட்கார்ந்துகொண்டார். நான் நம்பவில்லை. ரோடு வேலைக்குப் போனேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, உப்பளங்களுக்கு நடுவே எண்ணூர் கழிமுகம் வரைக்கும் சர்க்கார் புதிதாக ஒரு ரோடு போட்டுக்கொண்டிருந்தது. திட்டம் என்ற சொல் அப்போது புதிது. யார் வாயிலும் அதுதான். திட்டத்தில் பள்ளிக்கூடம் வருகிறது, குழாய் வருகிறது என்றார்கள். எங்களுக்கு வந்தது இந்த ரோடு. எங்களில் ஒருவருக்கும் அது எதற்கு என்று விளங்கவில்லை. கழிமுகத்தில் இருப்பது மீன்பிடிக்கிற குப்பம். அவர்களிடம் வண்டி இல்லை. மணலில் நடந்தே பழகியவர்கள்.

என்னோடு கூடை தூக்கியவர்களில் முகத்துவாரக்குப்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவள். அக்கா என்று கூப்பிடுவேன். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. மீன் விற்ற காசு போதாமல் சித்தாள் வேலைக்கு வந்திருந்தாள். அவளுக்கு அந்த ரோட்டின் மேலேயே சந்தேகம்.

"கேக்காம குட்க்கிறான் பாரு, அப்ப நம்ப கிட்டேந்து இன்னாவோ எட்த்துக்கினு போவப் போறான்" என்பாள். "இம்மாம் அகலத்துக்கு ரோடு, மீன் கூடைய தூக்கிகினு நடக்குறதுக்கா?"

எங்களை வேலைக்கு வைத்தவர் உள்ளூர் மேஸ்திரி. மேலே ஒரு கண்டிராக்டர் இருந்தார். நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. அவ்வப்போது சைக்கிளில் சர்க்கார் ஓவர்சியர் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி எங்களுக்கு எல்லாம் மேஸ்திரிதான். நல்ல பேச்சுக்காரர். யாரையும் திட்டமாட்டார். கிட்டே வந்து, ரகசியம் சொல்வதுபோலத் தணிந்த குரலில்தான் பேசுவார்.

நெடுஞ்சாலைப் பக்கத்திலிருந்து நாங்கள் ரோட்டைப் போட்டுக்கொண்டு போனோம். உப்பு மண் காலை வைத்தால் உள்ளே வாங்கும். அதனால் மண்ணைத் தோண்டி, அடியில் பெரிய பெரிய கருங்கல்லாக அடுக்கி, அதன் மேல் ஜல்லி, அதன் மேல் செம்மண், பிறகு தண்ணீர் விட்டு உருளை வண்டி. கல் பல்லாவரம் பக்கத்திலிருந்து லாரியில் வந்தது.

ஒரு நாள் மத்தியானம் கல்லுக்குப் பதிலாக லாரியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஆண்களும் பெண்களும், இரண்டு மூன்று குழந்தைகளும். புழுதி படிந்த முகங்கள். வடக்கே மழை பொய்த்த சீமையிலிருந்து வந்த தெலுங்குக்காரர்கள். கழிமுகத்துப் பக்கம், உப்பளத்தை ஒட்டிய தரிசில் பனை ஓலைத் தட்டிகளை வைத்துக் குடிசை போட்டுக்கொண்டார்கள். ரோட்டின் அந்த முனையிலிருந்து அவர்கள் வேலையை ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் மேஸ்திரி இவரேதான்.

அது நேரங்கெட்ட நேரம். மதராஸ் ராஜ்யத்தைப் பிரித்துத் தெலுங்குக்காரர்களுக்குத் தனியாகக் கொடுக்கவேண்டும் என்ற கிளர்ச்சி உச்சத்தில் இருந்தது. பட்டணம் யாருக்கு என்பதுதான் டீக்கடையில் ஒரே பேச்சு. அன்று சாயங்காலம் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த எங்களிடம் மேஸ்திரி வந்தார்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அவங்க கிட்ட பேச்சு வச்சுக்காதீங்கோ. சும்மா ரோடு போட வர்ல. சர்க்கார்லேந்து இங்க தல எண்ண வருவான். தெலுங்கு தல ஜாஸ்தியா இருந்தா பட்டணம் அவங்களுக்குப் பூடும். அப்பறம் நீயும் நானும் எங்க போறது?"

எல்லோரும் அவர்கள் குடிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. அதுகூட ஏதோ உள்நோக்கத்தோடு எழுவதுபோலத்தான் எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தால் என் கணவரும் அதையே சொன்னார். "டீக்கடையில பேசிக்கினாங்க மே. நம்ப பட்டறயில பூட்டப் போட்டதே அவங்க ஆளுங்கள உள்ள வுடத்தானாம்." பட்டறை முதலாளிக்கும் இந்த ரோட்டுக் கூலிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் எதற்கும் எதோடும் சம்பந்தம் இருந்தது.

எனக்குத் தெலுங்கு தெரியும். வண்ணாரப்பேட்டையில் நான் பிறந்த சந்தில் பாதி வீடு தெலுங்கு வீடு. விளையாட்டும் சண்டையும் அந்த மொழியில்தான். இதை ரோட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் ஆகித் திருவொற்றியூருக்கு வந்தபின் பேசவேண்டிய அவசியமே வராததால் கணவரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லாமல் இருப்பதே நல்லது என்று பட்டது. காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன்.

மண் எடுக்கிற இடம் இரண்டு கும்பலுக்கும் பொது. அங்கே அவர்களில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நிற்பாள். முழங்கை வரை பச்சை குத்தியிருந்தாள். தன் புருஷனோடு அவள் பேசுவதையெல்லாம், ஒன்றும் புரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். பட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வந்ததெல்லாம் வேறு.

"அவங்க குடத்துத் தண்ணியைத் தொடாதே. எதையாவது கலந்து வச்சிருப்பாங்க."

"குழந்தையை அந்தப் பக்கம் விடாதே. போன வருஷம் வந்தவங்க குடிசையைக் கொளுத்தினது இவங்கதானாம். மேஸ்திரி சொன்னார்."

போன வருஷம் அந்தத் தரிசில் ஒரு குடிசையும் இருந்ததில்லை. ஆனாலும் உடனே மேஸ்திரியைச் சந்தேகிக்கவில்லை. நான் கேட்பது தெரிந்து, வேண்டுமென்றே இப்படிப் பேசுகிறாளோ என்று அவள் மேல்தான் சந்தேகப்பட்டேன்.

குடிதண்ணீர் அங்கே கிடையாது. எங்கே தோண்டினாலும் உப்பு. தினமும் மாட்டு வண்டியில் மண் எடுக்கிற இடத்துக்குப் பீப்பாய் வரும். எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. மேஸ்திரிதான் தனித்தனியாக வைக்கச் சொன்னார். வெயில் ஏறிய ஒரு நாள் அவர்களுடைய பீப்பாய் காலியாகிவிட்டது. அந்தப் பெண்ணின் குழந்தை, நாலு வயது இருக்கும், தகரக் குவளையோடு எங்கள் பீப்பாய் அருகே வந்து "நீள்ளு, நீள்ளு" என்றது. எங்கள் ஆட்களில் ஒருவன் குவளையைத் தட்டிவிட்டான். குழந்தை வீறிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து ஆண்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். இங்கேயும் மண்வெட்டிகள் உயர்ந்தன.

நான் நடுவில் போய் நின்று தெலுங்கில் சொன்னேன்: "குழந்தைக்குத் தண்ணிதான் வேணும். நான் தர்றேன். எல்லாரும் போங்க."

சண்டை நின்றுவிட்டது. ஆனால் யாரும் என்னை நன்றியோடு பார்க்கவில்லை. பச்சை குத்திய பெண் குழந்தையை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள். "இத்தனை நாளும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா?"

இந்தப் பக்கம் திரும்பினால் எங்கள் ஆட்கள் என்னைவிட்டு ஓரடி தள்ளி நின்றார்கள். குப்பத்து அக்காதான் முதலில் பேசினாள். "நீ அவங்க ஆளா? எங்க கூடவே குந்திகினு துன்னுகினு கீற, ஒரு வார்த்த சொல்லலியே."

நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். குழந்தை குடிப்பதற்கு முன் அந்தப் பெண் குவளையை வாங்கி, தான் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி டீக்கடைக்குப் போய்விட்டது. என் கணவர் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்தார்.

"உங்கம்மா வூட்ல இன்னா பேசுவீங்கோ?" என்று கேட்டார்.

"தமிழ்தான்."

"அப்ப தெலுங்கு எப்டி வந்துது? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே."

"இன்னும் இன்னான்னா கீது, நான் கேக்காதது?"

எதைச் சொல்லியிருந்தாலும் அதில் இன்னும் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார். அவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்ததுதான் அப்படிப் பேச வைத்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

சில நாள் இரண்டு பக்கமும் என்னோடு பேச்சில்லை. தனியாகக் கூடை தூக்கினேன். பிறகு ஒரு காலையில் அந்தப் பெண்ணே மண் மேட்டுக்கு வந்து, குனிந்த தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"உங்க பக்கம் எதுக்கு அவ்வளவு பெரிய கல்லை அடியில போடறீங்க?"

"ரோடு அமுங்காம இருக்க. உங்க பக்கம் போடலையா?"

"எங்களுக்குக் கல்லே வரலை. இது கெட்டி மண்ணு, கல்லு வேண்டாம், மணலைக் கொட்டி மேல செம்மண் போடுங்கன்னு மேஸ்திரி சொன்னார்."

நெடுஞ்சாலைப் பக்கத்து மண்ணாவது ஓரளவு தாங்கும். கழிமுகத்துப் பக்கம் முழங்கால் வரை புதையும். கல் வேண்டிய இடமே அதுதான். கல் லாரிகள் எங்களைத் தாண்டி அந்தப் பக்கம் போவதை நாங்கள் தினமும் பார்த்திருக்கிறோம். கல் அங்கே இறங்கவில்லை என்றால், உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு வேறெங்கோ போய் விலையாகியிருக்கிறது. நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசியிருந்தால் இது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். மேஸ்திரி ஏன் அத்தனை தணிந்த குரலில் எங்கள் நல்லதையே நினைத்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குப்பத்து அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் என் முகத்தை ஆராய்ந்தாள். "நீ சொல்றத நான் நம்ப மாட்டேன்" என்றாள். "வா, நோண்டிப் பாத்துடலாம்." சாப்பாட்டு வேளையில் கடப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் முன்னே நடந்தாள். அவர்கள் போட்டு முடித்திருந்த ரோட்டில் ஓங்கிக் குத்தினாள். கடப்பாறை சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. இன்னும் இரண்டு இடத்தில் குத்தினாள். எங்கும் கல்லில் படவில்லை.

ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். "பட்டணத்த இஸ்த்துகினு போறாங்கோன்னானே, பாவி. ரோட்டையே இஸ்த்துகினு போய்ட்டான்."

அடுத்த முறை ஓவர்சியர் வந்தபோது அக்காவும் நானும் போய்ச் சொன்னோம். அவர் சைக்கிளிலிருந்து இறங்கி நின்று பொறுமையாகக் கேட்டார். படித்தவர், மரியாதையாகப் பேசினார். "நீங்க சொன்னது நல்லதாப் போச்சும்மா. உங்ககிட்ட இதை யார் சொன்னா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. எங்கே என்று கேட்கவில்லை, எவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை, போய்ப் பார்க்கலாம் வா என்று சொல்லவில்லை. யார் என்றுதான் கேட்டார். "யாரும் சொல்லல. நாங்களே பாத்தோம்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு மேஸ்திரி இருந்த பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் எனக்கும் அக்காவுக்கும் வேலை இல்லை என்று மேஸ்திரி சொன்னார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "ஆளு ஜாஸ்தியாப் போச்சும்மா. அவங்க வந்ததால வந்த பேஜாரு. நான் இன்னா பண்றது" என்றார்.

நாங்கள் திரும்பி நடந்துகொண்டிருந்தபோது லாரி ஒன்று எதிரே வந்து எங்களைத் தாண்டிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அதே லாரி தெலுங்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தது. சட்டிப்பானை, ஓலைத் தட்டி எல்லாம் மேலே கட்டியிருந்தது. மாட்டு வண்டி ஒன்று குறுக்கே வந்ததால் லாரி எங்கள் பக்கத்தில் நின்றது. பச்சை குத்திய பெண் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கே கூட்டிட்டுப் போறாங்க?" என்று கேட்டேன்.

"அணை கட்டற இடமாம். எங்கேன்னு தெரியாது." பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "நீதானே எங்களைப் பத்திச் சொன்னே?"

"உங்களைப் பத்திச் சொல்லலை. ரோட்டைப் பத்திச் சொன்னேன்."

லாரி கிளம்பிவிட்டது. என் பதில் அவள் காதில் விழுந்ததா, விழுந்தும் நம்பவில்லையா, தெரியாது. அவள் முகத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் கழிமுகத்துப் பக்கம் ரோடு மொத்தமாக உள்ளே போய்விட்டது. செம்மண் கரைந்து உப்பளத்தில் சிவப்பாகப் பரவி நின்றதை ஊரே போய்ப் பார்த்தது. கடல் பொங்கியதால் வந்த சேதம் என்று சொல்லிக்கொண்டார்கள். அக்கா மறுபடியும் மீன் கூடையை எடுத்துவிட்டாள். எனக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு வெங்காய மண்டியில் அழுகலைப் பொறுக்குகிற வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் ராஜ்யம் பிரிந்தது. பட்டணம் எங்களுக்கே இருந்துவிட்டது. நெடுஞ்சாலையில் வெடி வெடித்தார்கள். என் கணவரும் போய்விட்டு வந்தார். யாராவது வந்து தலை எண்ணினார்களா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். பட்டறையை வேறொருவர் வாங்கித் திறக்கப்போகிறார் என்ற சேதி அதற்குள் வந்திருந்தது. இந்த முறை அது உண்மையாகவே திறந்தது.

அமிழ்ந்துபோன ரோட்டை மறுபடியும் போட சர்க்கார் பணம் ஒதுக்கியது. புது கண்டிராக்டர், புது மேஸ்திரி. ஆள் எடுக்கிறார்கள் என்றதும் போனேன். கணவர் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. ஓவர்சியர் மட்டும் பழைய ஆளேதான். முதல் நாளே சைக்கிளில் வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது அவருக்கு. தெரியாதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் வணக்கம் சொல்லவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அவர் யாரிடம் போய் நிற்கிறார் என்று பார்த்தபடியே நடந்தேன்.