நகல் எடுக்காத பதிவு

எண்பதுகளின் கடைசியில் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் நான் குமாஸ்தா. அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர் ஒல்லியான மனிதர். கைக்குட்டையால் விரல்களைத் துடைக்காமல் பிளாப்பியைத் தொடமாட்டார். சனிக்கிழமைதோறும் கோப்புகளை நகல் எடுப்பார். பிளாப்பிகள் போதாததால், ஒப்பந்தக் கூலிகளின் வருகைப் பதிவை மட்டும் விட்டுவிடுவார்.

ஒருநாள் கம்ப்யூட்டர் பழுதாகி எல்லாம் அழிந்தது. நகல் எடுத்தவை மட்டுமே மிஞ்சின.

அடுத்த வாரம் ஆண்டிமடத்திலிருந்து ஒரு பெண் வந்தார். அவர் கணவர் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் சரிந்து இறந்திருந்தார். அப்படி ஒருவர் வேலைக்கே வரவில்லை என்று ஒப்பந்தக்காரர் சாதித்தார்.

“அவரு பேரு உங்க மிஷின்ல இருக்கும்னாங்க சார்.”

“இருந்துச்சும்மா. நாந்தான் வேணாம்னு உட்டுட்டேன்,” என்றார் ஆபரேட்டர்.

பிறகு ஒரு தாளை எடுத்தார்.

“சார், வேலை போயிடும்,” என்றேன் மெதுவாக.

“தெனமும் அந்தப் பேர அடிச்சவன் நான் சார்.”

அந்த மனிதர் இங்கே வேலை செய்தார் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்த மாதமே ஆபரேட்டரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். தாள் கோர்ட்டில் எடுபட்டதா, தெரியாது.

இறந்தவரை நானும் தினமும் கேட்டில் பார்த்திருக்கிறேன். ஆபரேட்டர் கையெழுத்துக்குக் கீழே நிறைய இடம் இருந்தது. நான் பேனாவை எடுக்கவில்லை.